ஒப்புதல் பெற்ற நீல வட்டம்

ஓட்டக் காட்சி இயக்ககத்தில் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு நீல வட்டத்துக்கு மூன்று பேர் கையெழுத்துப் போடுவார்கள். முதலில் பிரிவு அலுவலர், அடுத்து துணை இயக்குநர், கடைசியாக இயக்குநர். மூன்றும் விழுந்த பிறகுதான் அது படம். அதுவரை அது வெறும் வட்டம்.

அந்த வட்டத்தைத் திரையிலிருந்து காகிதத்தில் அச்சடித்து, மூன்று மேசைகளுக்கும் கொண்டுபோய், கையெழுத்து வாங்கி, துளையிட்டுக் கோப்பில் சேர்ப்பது அவள் வேலை. பதவியின் பெயர் படக் கண்காணிப்பாளர், இரண்டாம் நிலை. முதல் நிலை என்று யாரும் இல்லை. கட்டடத்தில் எல்லோரும் அவளைப் படக்காரம்மா என்றார்கள். அவள் கணவன் மட்டும் மேடம் என்பான். அதுவும் வீட்டில், துணி காயப்போடும்போதுதான் அந்த மரியாதை வரும்.

அவன் பம்ப்காரன். அதே ஆலையில், இயக்ககக் கட்டடத்துக்குப் பின்னால், இருபத்திரண்டு இரும்புப் படிகள் இறங்கினால் வருகிற குழியில் அவன் நாற்காலி இருந்தது. பீங்கானுக்கான வெள்ளைக் களிமண்ணைக் கழுவி எடுக்கிற ஆலை அது. தண்ணீர், களிமண், மணல், கொஞ்சம் காற்று எல்லாம் கலந்த குழம்பு ஒரு கறுப்புக் குழாய் வழியாக இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொட்டிக்குப் போகும். குழாய் குழியிலிருந்து மேலே ஏறுகிற இடத்தில் ஒரு வளைவு. அந்த வளைவு அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது.

குழம்பு வேகமாக ஓடினால் மணல் அதோடு சேர்ந்து போய்விடும். மெதுவாக ஓடினால் அடியில் படியும். படிந்தால் வழி குறுகும், அழுத்தம் ஏறும், ஒருநாள் வளைவு வெடிக்கும். நான்கு வருஷத்துக்கு முன் வெடித்தது. அன்று அந்த நாற்காலியில் இருந்தவர் அவனுடைய தாய்மாமா. இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. இப்போது அவர்களோடுதான் இருக்கிறார். ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு தெருவில் போகிற எல்லா வண்டிகளையும் குறை சொல்வார்.

"என் இடுப்பு ஒடஞ்சதுல பதினேழு பேருக்கு உத்தியோகம் கெடச்சுது. என்னைப் பாக்கத்தான் ஒருத்தரும் வரல" என்பார்.

கணக்கு சரிதான். விபத்தை விசாரித்த குழு, குழாய்க்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு ஒரு வளையம் வாங்கினார்கள். வளையத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு இயக்ககம் வந்தது. இயக்ககத்தில் பதினேழு பேர். அதன் பெயர்ப்பலகை வளையத்தைவிட ஒன்பது மடங்கு பெரியது.

வளையத்தைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. குழாயைச் சுற்றி உள்பக்கமாகப் பதினாறு உலோகப் பொட்டுகள். ஒரு பொட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொஞ்சமே கொஞ்சம் மின்சாரம் விட்டு, மற்றப் பொட்டுகளில் என்ன வருகிறதென்று அளக்கும். தண்ணீர் மின்சாரத்தை விடும். மணல் விடாது, காற்றும் விடாது. இப்படிச் சுற்றிச் சுற்றி அளந்ததை வைத்துக் கணினி ஒரு வட்டம் வரையும். குழாயை அறுக்காமலே அதன் வயிற்றைப் பார்க்கலாம். கருவியைப் பூட்டுவதற்கு வந்த பொறியாளர்ப் பெண் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நாலு தரம் சொன்னாள்: "மொதல்ல குழாய்ல சுத்தமான தண்ணி மட்டும் விட்டு, அதை ஒப்புப் படமா எடுத்துக்கணும். அப்புறம் வர்ற எல்லாத்தையும் இது அந்தப் படத்தோட ஒப்பிட்டுத்தான் காட்டும். அதே மாதிரி இருந்தா நீலம். மணலோ காத்தோ கொஞ்சம் கூடினா மஞ்சள், நெறையக் கூடினா சிவப்பு. கொறஞ்சா பச்சை."

திறப்பு விழாவுக்கு ஆலைக் குழுமத்தின் தலைவர் வந்தார். ஒப்புப் படத்துக்கான பொத்தானை அவர் கையால் அழுத்துவதாக ஏற்பாடு. பம்ப் சத்தத்தில் பேச்சு கேட்காது என்று பம்ப்பை நிறுத்தச் சொன்னார்கள். குழாய் நிறையக் குழம்பு நின்றது. தலைவர் ஒரு மணி பத்து நிமிஷம் பேசினார்.

"குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று இனி நான் யாரையும் கேட்க மாட்டேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். இத்தனை நாள் தெரியாமலே நிர்வாகம் செய்தோம், நன்றாகவே செய்தோம். இனிமேல் தெரிந்துகொண்டும் அதையே செய்வோம்" என்றார்.

கைதட்டல் எழுந்தது. அவர் பேசிய ஒரு மணி பத்து நிமிஷமும் குழாய்க்குள் மணல் நிதானமாக அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்ததும் தலைவர் பொத்தானை அழுத்தினார். பொறியாளர்ப் பெண் பதறிக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார்கள். அவள் ஊருக்குப் போவதற்கு முன் நடந்த தவறை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் கடிதம் 'பாராட்டுகள்' என்ற கோப்பில் சேர்ந்தது.

மறுநாள் பம்ப்காரன் வழக்கமான வேகத்தில் பம்ப்பை ஓட்டினான். மணல் கிளம்பிப் போனது, குழாய் நன்றாக ஓடியது. திரையில் வட்டத்தின் அடியில் பச்சையாக ஒரு பிறை தெரிந்தது.

இயக்ககம் கலங்கிவிட்டது. திறப்பு விழா அன்று முழு நீலமாக இருந்த படம் மறுநாளே கெட்டுப்போனதற்கு யார் காரணம் என்று கேட்டுப் பம்ப்காரனுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. குழாய் நன்றாக ஓடியதுதான் காரணம் என்று அவன் எழுதினான். அலட்சியமான பதில் என்று இரண்டாவது குறிப்பாணை வந்தது. மூன்றாவது வந்தால் வேலை போகும். ஆகவே வேகத்தைக் குறைத்தான். குறைக்கக் குறைக்கப் பச்சை சுருங்கியது. விழா நாளன்று எவ்வளவு மணல் படிந்திருந்ததோ அவ்வளவு மணல் படிந்ததும் வட்டம் முழு நீலமானது. இயக்குநர் தாமே குழிக்கு வந்து, இருபத்திரண்டு படி இறங்குவது சிரமம் என்பதால் மேலேயே நின்று, வேகத் திருகுக்கு அரக்கு முத்திரை வைக்க உத்தரவிட்டார்.

அன்றிலிருந்து பதினொரு மாதமாக வட்டம் நீலமாகவே இருந்தது. பம்ப்பின் அழுத்தமானி நான்கிலிருந்து ஏழுக்கு ஏறி நின்றது. ஒன்பதில் சிவப்புக் கோடு. வளைவின் இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. அவன் நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. குழியைப் பற்றி அவன் வீட்டில் பேச மாட்டான். மாமா கட்டிலிலிருந்து எழ முயல்வார் என்று பயம். அவளும் நீலத்தைப் பார்த்து, அவன் தலைக்கு மேலே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக மூன்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டிருந்தாள். முதலாம் ஆண்டு விழாவுக்காகப் பாராட்டுக் கோப்பைத் தூசி தட்டச் சொன்னபோதுதான் அந்த ஒரு பக்கக் கடிதம் அவள் கண்ணில் பட்டது. நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள்.

அன்று சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். "ஏங்க, குழாய்ல மணல் இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"மூணுல ஒரு பங்கு. ஏன், உங்க படத்துல தெரியலையா மேடம்?"

"வெளையாடாதீங்க. அழுத்தம் எவ்வளவு?"

சொன்னான். உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது: "எனக்கு ஒடஞ்ச அன்னிக்கு எட்டரை!"

"மெதுவா பேசச் சொன்னேன்ல" என்று அவன் அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"நீங்க எங்க சொன்னீங்க? பதினோரு மாசமா எதையாவது சொன்னீங்களா?" அவள் குரல் உடைந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழமை விழா. தலைவர் வர்றார். குழியிலயே பேசறாராம்."

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். "பம்ப்பை நிறுத்துவாங்க. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் இருக்கற மணல் மேல இன்னும் மணல் எறங்கும். அப்புறம் நான்தான் பம்ப்பைப் போடணும்." நிமிர்ந்தான். "இன்னொரு பேச்சை அந்தக் குழாய் தாங்காதுடி."

மறுநாள் காலை அவள் மனுவோடு பிரிவு அலுவலரிடம் போனாள்.

"சார், ஒப்புப் படம் தப்பா எடுத்திருக்கு."

"யார் எடுத்தது?"

"தலைவர்."

"அப்ப எப்படிம்மா தப்பாகும்?"

"தண்ணி மட்டும் இருக்கும்போது எடுக்கணும் சார். அன்னிக்கு அடியில மணல் இருந்துச்சு."

"மணல் இருந்தது படத்துல தெரியுதா?"

"தெரியாது சார். அந்தப் படத்தோடதானே மத்த படத்தை ஒப்பிடறோம்."

"தெரியல இல்ல? அப்ப மணல் இல்ல." அவர் மனுவை மடித்து அவளிடமே கொடுத்தார். "இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதுக்குத்தானே கருவி வாங்கியிருக்கோம்? நீங்க படிச்சவங்க, யோசிச்சுப் பேசணும்."

துணை இயக்குநர் அடுத்த வியாழக்கிழமை வரைக்குமான வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டு முடித்துப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு என்ன படம் வரும்னு எப்படி சார் தெரியும்?"

"நாளைக்கு நான் லீவும்மா."

இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். யாரையும் கடிந்துபேச மாட்டார், யார் சொல்வதையும் கேட்கவும் மாட்டார்.

"இந்தம்மா எழுதினது நிஜமா இருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த இயக்ககம் எதுக்கு இருக்கு? குழாயைப் பாக்கவா? குழாயை யார் வேணாலும் பாக்கலாம், அதுக்கு இயக்குநர் எதுக்கு? நாம படத்தைப் பாக்கறோம். குழாய் கெட்டா பராமரிப்புப் பிரிவு கவலைப்படும். படம் கெட்டா நான் கவலைப்படணும். பதினோரு மாசமா நான் கவலைப்படவே இல்ல. எங்க வீட்டம்மாகூட சொல்றா, முகம் தெளிவா இருக்குன்னு."

"சார், அந்த வளைவுக்குக் கீழ ஒருத்தர் உக்காந்திருக்கார்."

"யாரு?"

"பம்ப்காரர். என் வீட்டுக்காரர்."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "அடடே, உங்க வீட்டுக்காரரா? சொல்லவே இல்லையே! அவருக்குத்தானே விருது. வருஷம் பூரா படம் கெடாம பாத்துக்கிட்டதுக்கு." எழுந்து கைகூப்பினார். "குடும்பமா வந்துடுங்க."

அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கையிலிருந்த மனுவில் மூன்று பேரில் ஒருவர்கூட எதுவும் எழுதவில்லை. அதை மறுத்ததற்குக்கூட ஒரு கையெழுத்து இல்லை.

மதியம் அவனுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனாள். அங்கே வரவேற்பு அதிகாரி அளவு நாடாவோடு நின்றிருந்தார். தலைவர் கார்க் கதவைத் திறப்பதிலிருந்து சாத்துவது வரை எல்லாம் இவர் பொறுப்பு. கம்பளம் எங்கே தொடங்க வேண்டும், தலைவர் எந்தப் படியில் மூச்சு வாங்குவார் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கதான் நிக்கறார்" என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டார். "பின்னால வளைவு, பக்கத்துல வளையம். போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

அவர் வட்டம் போட்ட இடத்துக்கு நேர் மேலே இணைப்பில் ஒரு சொட்டு திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, மிகச் சாதாரணமான குரலில் கேட்டாள்.

"தலைவர் என்ன கோட்டு சார் போட்டுட்டு வருவார்?"

"தந்த நிறம். ஏன்?"

சொட்டு விழுந்தது. அவருடைய பட்டியலில் மூன்றாவது வரி வெள்ளையாகக் குழம்பியது. வரவேற்பு அதிகாரி மேலே பார்த்தார், தாளைப் பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது... போகுமில்ல?"

"பீங்கானுக்குப் போற களிமண்ணு சார். பிடிச்சா பிடிச்சதுதான்."

"சொட்டறதை நிறுத்துங்க!"

"நிறுத்தணும்னா வளைவையே மாத்தணும்" என்றான் பம்ப்காரன். "ஒரு மாசம் ஆகும்."

"தலைவர் ஞாயித்துக்கிழமை வர்றார்யா!"

"ஒரு வழி இருக்கு சார்" என்றாள் அவள். "குழாய்ல நல்ல தண்ணி மட்டும் இருந்தா சொட்டினாலும் கறை ஆகாது. முத நாளே குழம்பை எல்லாம் கழுவித் தள்ளிடணும். ஆனா அதுக்கு முழு வேகத்துல ஓட்டணும். முத்திரை இருக்கே, இயக்குநர் ஒத்துக்க மாட்டார்."

"ஒத்துக்க மாட்டாரா? அவரா?" என்றபடி வரவேற்பு அதிகாரி இருபத்திரண்டு படியையும் பதினொன்றாக ஏறினார்.

நாற்பது நிமிஷத்தில் உத்தரவு வந்தது. 'தலைவர் அவர்களின் மேலங்கி நலன் கருதி' முத்திரை ஒருநாள் மட்டும் அகற்றப்படுகிறது. துணை இயக்குநர் மதியமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தும் அவர் கையெழுத்து இருந்தது.

சனிக்கிழமை காலை இயக்ககமே குழிக்கு வெளியே பந்தல் கட்டுவதில் மும்முரமாக இருந்தது. திரை அறையில் அவள் மட்டும். கைப்பேசி காதில்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். குழியில உக்காந்துட்டா பண்றீங்க? படியில ஏறி நில்லுங்க."

"திருகு இங்கதானே இருக்கு."

"எட்டி நின்னு திருகுங்க."

"என் கை என்ன இருபத்திரண்டு படி நீளமா?" அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "ஏத்தறேன். பதினோரு மாசம் இறுகின மணல். இங்க எனக்கு முள்ளு மட்டும்தான் தெரியும். உள்ள அசையுதான்னு நீதான் சொல்லணும். அசையாம எட்டரை வந்துட்டா நிறுத்திடுவேன்."

"எட்டரை வரைக்கும் போகாதீங்க."

"இப்ப ஏழரை."

வட்டம் நீலம். மணல் அசைந்தால், குறைந்தால், பச்சை வர வேண்டும். ஒரு வருஷமாகப் பச்சை வந்துவிடக் கூடாதே என்று பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருந்த திரையை அவள் பச்சை வர வேண்டுமே என்று பார்த்தாள்.

"எட்டு" என்றான். பின்னால் குழாய் உறுமுவது கேட்டது. "வளைவு ஆடுது. ஏதாவது தெரியுதா?"

"இல்ல."

"எட்டு இருபது."

"இல்லைங்க. போதும், மேல வந்துடுங்க."

"எட்டு நாப்பது."

"வந்துடுங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தியபோதே வட்டத்தின் அடியில், இடது ஓரத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு நிறம் மாறியது. அவள் திரையில் மூக்கு முட்டக் குனிந்தாள். "இருங்க... பச்சை! இடது பக்கம். ஏத்தாதீங்க, அப்படியே வைங்க. பெருசாகுது. தானா அரிச்சுட்டுப் போகுது... பாதி வந்துடுச்சு. ஏங்க, முழுசும் பச்சைங்க!"

அந்தப் பக்கம் உறுமல் மெல்ல மெல்ல ஒரே சீரான ஓசையானது.

"நாலு" என்றான் அவன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "முள்ளு நாலுல நிக்குது." கொஞ்சம் பொறுத்து, "அழறியா?"

"இல்ல. ஏசி."

"ஏசி எப்பலேர்ந்து மூக்கு உறிஞ்சுது?"

மதியம் அவன் தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு மறுபடியும் அழைத்தான். "உங்க தலைவரோட போன வருஷப் பேச்சு மொத்தமும் இங்க வந்து குவிஞ்சு கெடக்கு. ரெண்டு லாரி தேறும்."

ஒப்புப் படத்தைச் சுத்தமான தண்ணீரில் மறுபடி எடுக்கப் பொத்தான் பாக்கி இருந்தது. அதற்கு அவள் வரவேற்பு அதிகாரியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். போன வருஷப் போட்டோவில் பொத்தானை அழுத்தும்போது தலைவர் கண்ணை மூடியிருக்கிறாரே, ஆல்பத்தில் அப்படியே விடலாமா என்று கேட்டாள். நிகழ்ச்சி நிரலில் உடனே 'மறு அழுத்தல்' என்று ஒரு வரி ஏறியது.

விழாவில் தலைவர் இரண்டு மணி ஐந்து நிமிஷம் பேசினார். பம்ப் நின்றிருந்தது. குழாயில் தண்ணீர் மட்டும் இருந்ததால் கீழே இறங்குவதற்கு எதுவும் இல்லை. நடுவில் ஒரு சொட்டு தந்த நிறக் கோட்டின் தோளில் விழுந்தது. கூட்டம் உறைந்தது. தலைவர் மேலே பார்த்தார்.

"பாருங்கள், குழாய் வியர்க்கிறது. இந்த ஆலையில் என்னைத் தவிர உழைக்கிற இன்னொன்றை இன்று கண்டேன்" என்றார். இரண்டு நிமிஷம் கைதட்டினார்கள். குழிக்குள் நின்ற பம்ப்காரனும் தட்டினான், குழாய்க்காக.

பிறகு அவர் கண்ணை அகலத் திறந்துகொண்டு பொத்தானை அழுத்தினார். பம்ப்காரனுக்கு விருது தந்தார். திறப்பு விழா அன்று வந்த முதல் நீல வட்டம், கண்ணாடிச் சட்டம் போட்டு.

திங்கட்கிழமை முத்திரை மறுபடி வைக்கப்பட்டு, பழைய மெதுவான வேகத்தில் குழம்பு ஓடியது. குழம்பு வந்ததும் வட்டம் மஞ்சளானது. ஒரு மணி நேரத்தில் அடியில் சிவப்பாக ஒரு பிறை ஏறியது. முதல்தடவையாகத் திரை உண்மையைச் சொன்னது.

ஒன்பது மணிக் கையெழுத்து நின்றுபோனது. நான்கு மணி நேரம் அவசரக் கூட்டம் நடந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மணல் படிகிறது, வேகத்தைக் கூட்டினால் சிவப்பு போய்விடும் என்று அவள் சொன்னாள். அவள் சொன்னது பதிவேட்டில் 'கலந்துகொண்டார்' என்று ஏறியது.

இயக்குநர் முடிவுரை வழங்கினார். "முதல் ஒப்புப் படத்தை அழுத்தினவர் தலைவர். அது தப்பா இருக்க முடியாது. ரெண்டாவதை அழுத்தினவரும் தலைவர். அதுவும் தப்பா இருக்க முடியாது. ரெண்டும் சரின்னா வித்தியாசம் எங்கேர்ந்து வருது? திரையிலேர்ந்து. அதுதான் காட்டுது. அதனால அது பழுது."

துணை இயக்குநர் தீர்மானத்தில் கையெழுத்திட்டார். தீர்மானம் பிறகு எழுதப்பட்டது.

திரையும் கணினியும் பழுதான பொருள் என்று கழிக்கப்பட்டன. இனி முதல் நாளின் நீல வட்டமே நிரந்தரப் படம். நல்ல பிரதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆகவே பம்ப்காரனிடமிருந்து விருது திரும்பப் பெறப்பட்டது. பெருமையை அவரே வைத்துக்கொள்ளலாம் என்று கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தார்கள். சட்டத்தைத் திரை இருந்த இடத்தில் ஆணியடித்து மாட்டினார்கள். அவளுடைய பணி: தினமும் கண்ணாடியைத் துடைத்து, படத்தைக் காகிதத்தில் நகலெடுத்து, மூன்று கையெழுத்து வாங்குவது. உத்தரவின் கடைசிப் பத்தியை அவள் இரண்டு தரம் படித்தாள். 'நிரந்தரப் படம் கெட வாய்ப்பில்லை என்பதால், பம்ப் எந்த வேகத்தில் ஓடினாலும் இயக்ககத்துக்கு ஆட்சேபணை இல்லை. முத்திரை நீக்கப்படுகிறது.'

கழித்த பொருள்களைப் போடுவதற்கு ஆலையில் ஒரு இடம்தான் உண்டு. பம்ப் குழியின் மூலை. இரண்டு ஆட்கள் திரையையும் கணினியையும் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படி இறங்கி அங்கே வைத்துவிட்டுப் போனார்கள். வளையத்திலிருந்து வருகிற கம்பி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பம்ப்காரன் அதைச் செருகினான்.

விஷயத்தைக் கேட்ட மாமா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, "எனக்கு ஒடையறதுக்கு முன்னாலயே அதைக் குப்பையில போட்டிருக்கலாம்" என்றார்.

இப்போதெல்லாம் பதினொரு மணிக்கு அவள் கைப்பேசியில் கூப்பிடுவாள். "என்னங்க, உங்க படம் எப்படி?"

"அடியில லேசா செவந்துச்சு மேடம். ஏத்தினேன், போயிடுச்சு. உங்க படம்?"

"நீலம்தான். துடைச்சாச்சு."

போன வாரம் ஒருநாள் அவள் துடைத்துவிட்டு நகர்ந்ததும் ஒரு ஈ வந்து கண்ணாடியில் உட்கார்ந்தது. நகலில் அதுவும் விழுந்துவிட்டது. மூன்று கையெழுத்தும் அதன் மேலேயே ஆயின. மதியத்துக்குள் பம்ப்காரனுக்குக் குறிப்பாணை வந்தது: 'இன்றைய படத்தில் மேல் வலப்புறம் ஒரு காற்றுக் குமிழி தென்படுகிறது. அதன் காரணத்தையும், அதை அகற்ற எடுத்த நடவடிக்கையையும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும்.'

அவன் திரையில் ஒரு கண் வைத்தபடியே, சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடிமேல் தாளை வைத்துப் பதில் எழுதினான்: 'ஐயா, அது பறந்துவிட்டது.'

'நடவடிக்கை திருப்திகரமானது' என்று இயக்குநர் ஓரத்தில் குறித்தார். அந்தக் கடிதத்தை அவள்தான் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தாள்.